வாயால் சொல்லாத டபிள்யூவை ஏன் எழுத வேண்டும்? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

மாலைக்குயில் கேட்டது:

வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது. இந்த வாரம் ஆங்கில டிக்டேஷனுக்குப் பன்னிரண்டு சொற்கள் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டும் டபிள்யூ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குபவை. ரைட் (எழுதுவது), ராங், ராப், ரிஸ்ட், ரிங் (துணி பிழிவது), ரெஞ்ச், ரிங்கிள், ரீத், ரெக், ரெஸில், ரிகிள், ரென்.

நேற்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஏழு சொற்களில் டபிள்யூ இல்லை. திருத்திக் காட்டி மறுபடி எழுதச் சொன்னேன். இந்த முறை பயத்தில் எல்லாவற்றுக்கும் டபிள்யூ போட்டுவிட்டாள். இடையில் சோதிப்பதற்காக நான் சொன்ன ரோடு, ரெயின் இரண்டுக்கும்கூட. அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லாத எழுத்தை எதுக்கும்மா எழுதணும்?" என்றாள். "அது அப்படித்தான்" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. அந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இரவெல்லாம் எனக்கு உறுத்தல்.

பொருளும் அவளுக்குத் தனிப் பாடமாகவே இருக்கிறது. எழுத்துக்கூட்டை ஒரு பக்கம், அர்த்தத்தை ஒரு பக்கம் என்று பன்னிரண்டு சொல்லுக்கு இருபத்து நான்கு விஷயங்களை மனப்பாடம் செய்கிறாள். யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை தேர்வு.


கரும்பலகை எழுதியது:

அம்மா, கவலைப்படாதீர்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். டபிள்யூவை மட்டும் சிவப்பு நிறத்தில் எழுதி வட்டம் போடச் சொல்லுங்கள். ஊமை எழுத்து என்று பெயர் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை எழுதட்டும். வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும். காரணம் எல்லாம் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளலாம்.


மெய்ப்பு எழுதியது:

சகோதரி, ஐந்து முறை எழுதுவதில் தவறில்லை. ஆனால் காரணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து வயதுப் பெண் கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. அதற்கு உண்மையான பதில் இருக்கிறது. அவளுக்குப் புரியும்படி சொல்லவும் முடியும். நான் அச்சகத்தில் இருபத்து இரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். ஆங்கிலத்தை நானே முப்பது வயதுக்கு மேல் அகராதியை வைத்துக்கொண்டு கற்றேன். இந்த டபிள்யூ என்னையும் நிறைய அலைக்கழித்திருக்கிறது.

முதலில் அவளிடம் சொல்லுங்கள்: அந்த எழுத்து ஊமையாகப் பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ரிங் என்பதை வ்ரிங் என்றுதான் சொன்னார்கள். ரிஸ்ட் வ்ரிஸ்டாக இருந்தது. டச்சுக்காரர்கள் துணி பிழிவதை இன்றைக்கும் கிட்டத்தட்ட வ்ரிங்கன் என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வாயில் அந்த வகரம் மெல்லத் தேய்ந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சில் போயே போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே அச்சு வந்துவிட்டது. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை வைத்தது 1476இல். அச்சேறிய எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல இறுகி நிலைத்துவிட்டது, வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. நீ எழுதுகிற டபிள்யூ ஒரு காலத்தில் நிஜமாகவே யாரோ உச்சரித்த ஒலி என்று சொன்னால் பிள்ளைக்கு அந்த எழுத்தின் மேல் கோபம் குறையும். வ்ரிங், வ்ரிஸ்ட், வ்ரெஞ்ச் என்று அவளைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதும்போது மட்டும் மனசுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டால் டபிள்யூ விட்டுப்போகாது. ரோடுக்கும் ரெயினுக்கும் அது வராது, ஏனென்றால் அவற்றை யாரும் எந்தக் காலத்திலும் வ்ரோடு, வ்ரெயின் என்று சொன்னதில்லை.

அடுத்தது பொருள். இங்கேதான் எனக்கு இந்தச் சொற்களின் மேல் அத்தனை பிரியம்.

ஒரு துண்டை நனைத்து அவள் கையில் கொடுங்கள். பிழியச் சொல்லுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு முனையையும் பிடிக்கிறாள். ஒரு கை முன்பக்கம் திரும்புகிறது, இன்னொரு கை பின்பக்கம். அது ரிங். திரும்புவது எது? மணிக்கட்டு. அது ரிஸ்ட், கை திரும்புகிற இடம் என்றே அந்தச் சொல் உருவானது. துண்டு முறுக்கேறி முறுக்கேறி, நடுவில் ஒரு இடத்தில் பாம்புபோல் புரண்டு துள்ளும். புழு நெளிவதற்குச் சொல்கிற ரிகிள் அதுதான். இன்னும் அழுத்தி வெடுக்கென்று ஒரு திருகு திருகினால் ரெஞ்ச். நட்டு, போல்ட்டுகளைத் திருகும் கருவிக்கும் அதே பெயர். தண்ணீர் வடிந்ததும் விரித்துப் பார்த்தால் துணியெல்லாம் சுருக்கம், அது ரிங்கிள். முறுக்கிய துண்டின் இரண்டு முனையையும் சேர்த்து வட்டமாக்கித் தலையில் வைத்துவிடுங்கள், ரீத் வந்துவிட்டது. ரீத் என்றால் முறுக்கி வளைத்தது என்றுதான் முதல் பொருள். பூவும் இலையும் பிறகு வந்தவை. அதே துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் ராப். ஒரு முனையை நீங்களும் ஒரு முனையை அவளுமாகப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிடுங்கப் பார்த்தால் ரெஸில். மல்யுத்தத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லும் முறுக்கிப் பறிப்பது என்ற பழைய வினையிலிருந்து வந்ததே.

ஒரே துண்டில் எட்டுச் சொல் முடிந்தது. இருபத்து நான்கு விஷயங்கள் வேண்டாம். முறுக்கு என்ற ஒன்று போதும்.

இது ஆங்கிலத்தின் தனிச் சொத்து என்று அவள் நினைக்க வேண்டியதில்லை. தமிழில் இதை அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே செய்துகொண்டிருக்கிறாள். சுற்று, சுழல், சுழி, சுருள், சுருட்டு. ஆங்கிலத்தின் ரிங்கிள் நமக்குச் சுருக்கம். கால் ரெஞ்ச் ஆனால் நமக்குச் சுளுக்கு. டபிள்யூ-ஆர்-ஒய் என்று எழுதும் ரை, வாய் ஒரு பக்கம் கோணிய முகத்தைச் சொல்வது. நமக்கு அது முகச்சுளிப்பு. எல்லாவற்றிலும் சு. ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது, நம்மிடமிருந்து அங்கே போனது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே மாதிரி வேலையைச் செய்திருக்கின்றன, அவ்வளவுதான். சுடு, சுமை, சுவை இவற்றில் எந்த முறுக்கும் கிடையாது என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள். கண்டுபிடிக்க விடுங்கள்.

ராங் என்ற சொல்லை மட்டும் தனியாகப் பேச வேண்டும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே பெரிய சொல் அது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸ் பேசியவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. வளைந்தது, கோணலானது என்று பொருள். தப்பு என்ற பொருள் அதன் மேல் ஏறியது. அதற்கு எதிர்ச்சொல்லான ரைட், ஆர்-ஐ-ஜி-எச்-டி, நேரானது என்ற பொருளில் பிறந்தது. நேர் சரி, கோணல் தப்பு. இப்போது நம் பக்கம் வாருங்கள். நல்ல ஆட்சி செங்கோல், கெட்ட ஆட்சி கொடுங்கோல். செம்மை என்றால் நேர். கொடு என்றால் வளைந்தது. திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. கணக்குப் புத்தகத்தில் ரைட் ஆங்கிளைச் செங்கோணம் என்று எழுதுகிறோமே, அந்தச் செம்மையும் இதுதான். நேர்மை என்ற சொல்லுக்குள்ளும் நேர் உட்கார்ந்திருக்கிறது. இது எனக்குத் தட்டுப்பட்ட நாளில் மேஜையில் இருந்த மெய்ப்புத் தாளை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.


சொல்தேடி எழுதியது:

மெய்ப்பு ஐயா சொன்னது அருமை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டியலில் இருக்கும் முதல் சொல்லே முறுக்கில் சேராது. எழுதுவதைக் குறிக்கும் ரைட், கீறுவது என்ற பொருளில் தொடங்கியது. மரத்திலும் கல்லிலும் கீறி எழுதிய காலத்துச் சொல். உடைந்த கப்பலைக் குறிக்கும் ரெக் என்பதன் வேர் துரத்துவது, தள்ளுவது. கடல் கரையில் கொண்டுவந்து தள்ளியது என்று வந்தது. ரென் ஒரு சின்னப் பறவை, அதற்கும் முறுக்குக்கும் சம்பந்தமில்லை. குழந்தையிடம் இதை விதி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு அவளே மடக்குவாள்.

இன்னொன்று. சொல்லாத எழுத்தெல்லாம் ஒரு காலத்தில் சொன்ன எழுத்து என்றும் நினைத்துவிடக் கூடாது. முழுமை என்ற பொருளில் வரும் ஹோல் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு டபிள்யூ நிற்கிறதே, அது பிற்பாடு எழுத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு உறவான ஹீல், ஹெல்த் இரண்டிலும் டபிள்யூ இல்லை. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் உள்ள பி-யும் அப்படித்தான். லத்தீன் மூலத்தை நினைவுபடுத்த வேண்டும் என்று படித்தவர்கள் செருகியது.


மெய்ப்பு எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். விதி என்ற சொல்லை எடுத்துவிடுவோம். குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் உறவினர்களோடு மூன்று விருந்தாளிகளும் தங்கியிருக்கிறார்கள். ரைட், ரெக், ரென் மூன்றும் விருந்தாளிகள். இந்த மூன்றின் பெயரையும் தனியாக எழுதிவைத்தால் போதும். ஆனால் ஒன்று, இந்த மூன்றிலும் டபிள்யூ பழைய டபிள்யூதான். வ்ரென், வ்ரெக் என்று சொல்லிப் பார்க்கும் வழி இவற்றுக்கும் உதவும். ஹோல் போன்றவை வேறு கதை, அவை இந்தப் பட்டியலில் இல்லை.

ரைட் என்றதும் எனக்கு ஒரு பழைய காயம் நினைவுக்கு வருகிறது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாடக விழாவின் நிகழ்ச்சிக் கையேடு என் மேஜைக்கு வந்தது. நாடக ஆசிரியரைக் குறிக்கும் பிளேரைட் என்ற சொல் அதில் டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-எச்-டி என்று முடிந்திருந்தது. எழுதுகிறவர்தானே, ரைட் என்றால் டபிள்யூ-ஆர்-ஐ-டி-இ அல்லவா என்று நானே அடித்துத் திருத்தினேன். ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. நாடக ஆசிரியர் வந்து பார்த்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பிரதியில் மட்டும் அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டு போனார். அவர் கையெழுத்தில் இருந்த அந்த ஜி-யும் எச்-சும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

அன்று இரவு அகராதியைப் புரட்டினேன். அந்த ரைட் எழுதுகிறவர் அல்ல, செய்கிறவர். கப்பல் கட்டுபவர் ஷிப்ரைட், சக்கரம் செய்பவர் வீல்ரைட். அந்த வரிசையில் நாடகம் செய்பவர் பிளேரைட். வேலை என்ற பொருளுள்ள ஒர்க்கிலிருந்து வந்தது, உள்ளே இருந்த ஆர் மட்டும் இடம் மாறி முன்னால் குதித்துவிட்டது. நம் தசை சதையானதைப்போல. அடித்து உருவாக்கிய இரும்பை ராட் அயர்ன் என்கிறோமே, டபிள்யூ-ஆர்-ஓ-யு-ஜி-எச்-டி என்று எழுதும் அந்தச் சொல்லும் ஒர்க்கின் பழைய இறந்தகாலம்தான். ஆகவே டபிள்யூ-ஆர் வீட்டில் முறுக்குகிறவர்களோடு கீறுகிறவரும் இருக்கிறார், செய்கிறவரும் இருக்கிறார். உங்கள் மகள் வளர்ந்தபிறகு இந்தச் சொல்லைச் சந்திக்கும்போது நான் செய்ததை அவள் செய்துவிடக் கூடாது. அதனால்தான் நீட்டிச் சொன்னேன்.


கரும்பலகை எழுதியது:

மெய்ப்பு ஐயா, ஐந்து முறை எழுதச் சொன்னவன் நான்தான். என் வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள், ஆளுக்கொரு துண்டு கொடுக்க முடியாது. ஆனால் நாளைக்கு ஒரே ஒரு துண்டை முன்னால் நின்று நானே பிழிந்து காட்டப்போகிறேன். அது முடியும். ஒரு சந்தேகம்: முழங்கால் நீ, கத்தி நைஃப், முடிச்சு நாட் இவற்றின் முன்னால் நிற்கும் கே-க்கும் இதே கதைதானா?


மெய்ப்பு எழுதியது:

அதே கதைதான் ஐயா. க்னீ, க்னைஃப் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றும் க்னீ என்கிறார்கள். பொருளில் டபிள்யூ-ஆர் அளவுக்கு ஒட்டு இல்லை. நீ, நாட், கைவிரல் கணுவைக் குறிக்கும் நக்கிள், கதவின் குமிழான நாப் இவற்றில் மொழுக்கென்று புடைத்திருக்கிற ஒன்று தெரியும், மற்றவற்றில் தெரியாது.

ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு சுவையான செய்தி உண்டு. முழங்காலுக்குச் சமஸ்கிருதத்தில் ஜானு. ஆங்கிலத்து நீயும் அதுவும் ஒரே பழங்குடும்பம். நெடிய ஆளை ஆஜானுபாகு என்கிறோமே, முழங்கால் வரை நீண்ட கை உள்ளவர் என்று பொருள். அதேபோல் கே-என்-ஓ-டபிள்யூ என்று எழுதும் நோ-வுக்கும் ஞானம் என்ற சொல்லுக்கும் ஒரே வேர். நாம் ஞ என்று சொல்கிற இடத்தில் அவர்கள் கே-யும் என்-னும் எழுதுகிறார்கள்.


மாலைக்குயில் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதன்கிழமை மாலை துண்டு பிழிந்தோம். வீடெல்லாம் தண்ணீர். வ்ரிங், வ்ரிங் என்று கத்திக்கொண்டே அவளும் அவள் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். அவன் கையை விட்டதும் துண்டு சரசரவென்று தானே அவிழ்ந்து சுழன்றது. அவளாகவே, "அம்மா, இதுதான் ரிகிள்" என்றாள். மெய்ப்பு ஐயா சொன்னது முறுக்கும்போது நெளிவது. அவளுக்கு அவிழும்போது தெரிந்திருக்கிறது. நான் திருத்தவில்லை.

செங்கோல், கொடுங்கோல் விஷயத்தை அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். ஸ்கேலைத் தூக்கிக் காட்டி இது ரைட், பிறகு விரலை மடக்கிக் காட்டி இது ராங் என்றாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பதினொன்று. விட்டது ரெக். "அது விருந்தாளி, அதான் மறந்துட்டேன்" என்றாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. வந்ததும் வராததுமாக அடுத்த கேள்வி: இரண்டு என்பதற்கு எழுதும் டூ-வின் நடுவில் ஒரு டபிள்யூ இருக்கிறதே, அதையும் முன்னாடி சொன்னாங்களா? நான் இந்த முறை "அது அப்படித்தான்" என்று சொல்லவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். காத்துக்கொண்டிருக்கிறாள்.


மெய்ப்பு எழுதியது:

சொன்னார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். அந்த டபிள்யூ டூ-வில்தான் வாயடைத்துப்போனது. அதன் உறவினர்கள் எல்லோரிடமும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் ட்வின், இரண்டு தடவை ட்வைஸ், இருபது ட்வென்டி. பன்னிரண்டு ட்வெல்வ், பத்தை எண்ணிய பிறகு இரண்டு மிச்சம் என்பதே அந்தச் சொல்லின் பொருள். இரண்டுக்கு நடுவே பிட்வீன். இரண்டு இழை சேர்த்துத் திரித்த நூல் ட்வைன்.

அவள் துண்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை நனைக்க வேண்டாம். இரண்டு கயிறோ இரண்டு நாடாவோ கொடுத்து ஒன்றோடொன்று சேர்த்துத் திரிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பெயர் ட்விஸ்ட். அதிலும் முன்னால் நிற்பது அந்த இரண்டுதான்.

டூ என்று எழுதும்போது மனசுக்குள் ட்வின் என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டால் டபிள்யூ விட்டுப்போகாது. அடுத்து அவள் ஆன்சரில் இருக்கும் டபிள்யூவைப் பற்றிக் கேட்பாள், இப்போதே சொல்லிவைக்கிறேன்: அது சத்தியம் செய்வதைக் குறிக்கும் ஸ்வேர் என்ற சொல்லின் டபிள்யூ. குற்றம் சாட்டியவருக்கு எதிரே நின்று சத்தியம் செய்து மறுத்துச் சொல்வதுதான் முதலில் ஆன்சர்.